தலைக்கணக்கும் வயதுக்கணக்கும்



என் பிறந்தநாள் யாது என்று எவரேனும் கேட்டால் இன்றும் எனக்குச் சிறிது நாணம் உண்டாகும். பள்ளிச் சான்றிதழின்படி நான் பிறந்தது 1959ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி. என் அன்னையார் கூறியதோ வேறு. ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டு மண்சுவர் இடிந்து விழுந்த மறுவாரம் நான் பிறந்தேனாம். ஐப்பசி எங்கே, ஜூன் எங்கே! நடந்தது இதுதான். என்னைப் பள்ளியிற் சேர்க்க அழைத்துச் சென்ற அன்று, தலைமையாசிரியர் என் வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டேன். காதைத் தொட்டால் ஐந்து வயது நிரம்பிற்று என்பது அக்காலத்து இலக்கணம். அவர் அந்த ஆண்டிலிருந்து ஐந்தைக் கழித்து, ஜூன் முதல் தேதி என்று எழுதிவிட்டார். அந்தத் தேதியைக் கொண்டே நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதினேன். ஆசிரியப் பயிற்சி பெற்றேன். 1982இல் வேலையில் அமர்ந்தேன். 2017ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் ஓய்வும் பெற்றேன்.

அந்தப் பெரியவரை நான் குறைகூற இயலாது. நானும் ஆசிரியனான பின்பு, பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகளுக்கு அதே காதையும் அதே ஜூன் மாதத்தையும் வைத்துத்தான் கணக்கை முடித்தேன். எங்கள் சேர்க்கைப் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் பார்ப்பவர், இவ்வூரில் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் மட்டுமே குழந்தைகள் பிறந்தன போலும் என்று எண்ணிக்கொள்வர்!

ஒரு சிறுவனின் வயதில் ஆறு மாதம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒருவனுக்கு அது சிறு பிழையே. ஆயின் ஒரு நாட்டின் கணக்கில், எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதைவிட, எந்த எந்த வயதில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதே பெரிய செய்தி. தலைக்கணக்கு இன்றைய நிலையைக் கூறும். வயதுக்கணக்கு நாளைய நிலையையும் கூறும். இவ்வுண்மையை நம் நாட்டின் வரலாற்றைக் கொண்டே உங்களுக்கு விளக்க விரும்புகிறேன். அதனை உரிய காலத்தில் அறியாமல் நான் செய்த ஒரு பிழையையும் இறுதியிற் சொல்வேன்.

நம் நாட்டில் 1871-72ஆம் ஆண்டுகளில் முதன்முதலாக ஒரு பொதுக் கணக்கெடுப்பு நடந்தது. ஆனால் அது எல்லா இடத்தும் ஒரே காலத்தில் நடைபெறவில்லை. நாடு முழுவதும் ஒரே நாளைக் குறித்து மக்களை எண்ணியது 1881ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 17ஆம் நாள்தான். அன்று தொடங்கி 2011வரை பத்தாண்டுக்கு ஒருமுறை இப்பணி தவறாது நடந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவிலும் அது நிற்கவில்லை.

அந்தப் பழைய அறிக்கைகளின் வயதுப் பட்டியலைப் புரட்டினால் வியப்பாக இருக்கும். 30 வயதினர் பெருங்கூட்டமாக இருப்பர். 31 வயதினர் மிகச் சிலரே. 40இல் கூட்டம், 41இல் வெறுமை. பத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளிலேயே மக்கள் குவிந்து நிற்பர். இதற்குக் காரணம் நம் முன்னோர் வயதை ஆண்டுகளால் அளக்காமல் நிகழ்ச்சிகளால் அளந்து வந்தமையே. “தாது வருஷப் பஞ்சத்தின்போது தவழ்ந்துகொண்டிருந்தேன்” என்பார் ஒருவர். “தனுஷ்கோடிப் புயலின்போது பால்குடி” என்பார், அவருக்கு மூன்று நான்கு தலைமுறை பிந்திய மற்றொருவர். எண்ண வந்தவர் அதனைக் கேட்டுத் தோராயமாக ஒரு முழு எண்ணைப் போட்டுக்கொள்வார்.

தாது வருஷம் என்றேன். அது 1876ஆம் ஆண்டு தொடங்கியது. சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பெரும் பஞ்சம் 1878வரை நீடித்து, இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டது. பஞ்சத்தில் மக்கள் மடிவதை யாவரும் அறிவர். மற்றொன்றும் அப்போது நிகழ்கிறது. பட்டினியால் மெலிந்த பெண்கள் கருவுறுவது அருகிவிடுகிறது. எனவே 1881இல் எண்ணியபோது, பஞ்சத்தில் பிறந்திருக்க வேண்டிய குழந்தைகளின் வரிசையில் ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளம் அங்கேயே நின்றுவிடுமா? நில்லாது. 1881இல் நான்கு வயதில் இருந்த பள்ளம், 1891இல் பதினான்கு வயதுக்கு நகரும். 1901இல் இருபத்து நான்கு வயதுக்கு வரும். அதாவது பிள்ளை பெறும் பருவத்துக்கு வரும். அப்போது தாய்மார் குறைவாக இருப்பதால் பிறக்கும் குழந்தைகளும் குறைவர். பாட்டி பிறக்க வேண்டிய காலத்தில் மழை பொய்த்ததன் விளைவு பேத்தியின் காலம்வரை தொடர்கிறது.

ஆகவே மக்கள் தொகையை அசையாமல் நிற்கும் ஓர் எண்ணாகக் கருதுதல் ஆகாது. அது திருவிழா ஊர்வலத்தைப் போன்றது. முன்வரிசையில் முதியோர், நடுவில் உழைப்போர், பின்வரிசையில் குழந்தைகள் என எல்லோரும் நகர்ந்துகொண்டே இருக்கின்றனர். எந்த வரிசையில் கூட்டம் மிகுதியோ அந்தக் கூட்டம் போகும் இடமெல்லாம் நெருக்கடி உண்டாகும். இடைவெளியும் அவ்வாறே உடன் செல்லும்.

ஸ்வீடன் நாட்டில் 1749ஆம் ஆண்டு முதலே மக்களின் பிறப்பு, இறப்பு, வயது முதலியவற்றை அரசு தொகுத்து வந்தது. அந்நாட்டுப் புள்ளிவிவர அறிஞர் குஸ்தாவ் சுண்ட்பார்க் என்பவர் 1900ஆம் ஆண்டில் ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும் 15 முதல் 49 வயதுவரை உள்ளோர் ஏறக்குறையச் சரிபாதியாக இருப்பர். வேறுபாடெல்லாம் மற்றப் பாதி எவ்வாறு பிரிகிறது என்பதில்தான் என்றார் அவர். 15 வயதுக்குட்பட்டோர் நூற்றுக்கு 40, ஐம்பதும் அதற்கு மேலும் ஆனோர் 10 என்று இருந்தால் அந்த நாடு வளரும். சிறுவர் 20, முதியோர் 30 என்று இருந்தால் தளரும். ஒரு நாட்டின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதற்கு இஃது ஓர் எளிய வழி.

இந்த அளவுகோலை மனத்திற்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25.21 கோடி மக்கள் வாழ்ந்தனர். 1921இல் 25.13 கோடி. பத்தாண்டில் வளர்ச்சி இல்லை, குறைவே உண்டாயிற்று. பெண்கள் பிள்ளை பெறாமலா இருந்தனர்? ஆறு, ஏழு என்று பெற்றனர். பெற்றவை தங்கவில்லை. பிறந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்று, முதல் பிறந்தநாளைக் காணாமலே மறைந்தது. சராசரி ஆயுள் சுமார் 20 ஆண்டுகளே. போதாக்குறைக்கு 1918இல் விஷக்காய்ச்சல் வந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை மாய்த்தது. சாதாரண நோய்கள் குழந்தைகளையும் முதியோரையும் பற்றும். அந்தக் காய்ச்சலோ இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்களையே மிகுதியாகப் பற்றியது. வீட்டைத் தாங்கும் தூண்கள் சாய்ந்தன. அடுத்த ஆண்டுகளில் பிறப்பும் குறைந்தது.

1921ஐ அறிஞர்கள் “பெரும் பிரிவினை ஆண்டு” என்பர். அதன்பின் நம் மக்கள் தொகை ஒரு பத்தாண்டிலும் குறைந்ததில்லை. 1951இல் 36.11 கோடி, 1961இல் 43.92 கோடி, 1971இல் 54.82 கோடி என ஏறிற்று.

இந்த ஏற்றத்துக்குக் காரணம் பெண்கள் முன்னைவிட மிகுதியாகப் பெற்றதே என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பெற்ற பிள்ளைகள் பிழைத்தனர், அதுவே காரணம். அம்மைப்பால் வைத்தனர். 1953இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. வீடுதோறும் மருந்து தெளித்தனர். பென்சிலின் வந்தது, கிராமங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. இறப்புக் குறைந்தால் நாட்டில் முதியோர் பெருகுவர் என்று நமக்குத் தோன்றும். ஆயின் தொடக்கத்தில் நேர்வது இதற்கு நேர்மாறானது. முன்பு மிகுதியாக மடிந்தவர் குழந்தைகளாதலின், இறப்புக் குறைந்தபோது மிகுதியாகப் பிழைத்தவரும் குழந்தைகளே. எனவே நாடு மேலும் இளமையாயிற்று. 1961இல் 15 வயதுக்குட்பட்டோர் நூற்றுக்கு 41 பேர். 1971இல் 42 பேர். சுண்ட்பார்க் கூறிய வளரும் நாட்டின் அடையாளத்தை இதைவிடத் தெளிவாகக் காண இயலாது.

அந்த 42 பேரில் நானும் ஒருவன். என்னோடு பிறந்தவர் எழுவர், தங்கியவர் ஐவர். எங்கள் வகுப்பில் அறுபதுக்குக் குறையாத பிள்ளைகள் தரையில் வரிசையாக அமர்ந்திருப்போம். ஒரு கரும்பலகை, ஓர் ஆசிரியர், மழைவந்தால் இரண்டு வகுப்பும் ஒன்றாகிவிடும் ஒரு தாழ்வாரம். நாங்கள் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், படிக்க வேண்டும். ஆனால் ஈட்டக்கூடியவர்கள் அல்லேம். 1958ஆம் ஆண்டில் ஆன்ஸ்லி கோல், எட்கர் ஹூவர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் இந்தியாவை ஆராய்ந்து எழுதிய நூல் இதைத்தான் பேசிற்று. ஈட்டுவோர் சிலர், உண்போர் பலர் என்றால், ஈட்டியதெல்லாம் அன்றாடச் செலவுக்கே போகும். ஆலைக்கும் அணைக்கும் முதலீடு மிஞ்சாது என்பது அவர்கள் வாதம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது 1952இல், உலக நாடுகளுள் முதலாவதாக நம் அரசு குடும்பநலத் திட்டத்தைத் தன் கொள்கையாக ஏற்றிருந்தது.

எனினும் வந்துவிட்ட குழந்தைகளை என்ன செய்வது? அவர்களுக்குச் சோறு வேண்டுமே! 1956இல் முதலமைச்சர் காமராசர் காலத்தில் சென்னை மாநிலத்துப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தி, ஊராரின் நன்கொடையால் கட்டடமும் பலகையும் சீருடையும் சேர்த்தார். நான் உண்ட மதிய உணவும், அமர்ந்த கூடமும் அந்த முயற்சியின் பயன்கள். 1982இல் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. அந்த ஆண்டில்தான் நான் வேலையில் சேர்ந்தேன். இவற்றை வெறும் கருணைச் செயல்கள் என்று கொள்ளலாகாது. அடிவரிசை அகன்று நின்ற ஒரு நாடு, தன் வயதுக்கணக்கை அறிந்து செய்த ஏற்பாடுகள் அவை. 1962இல் இதே மாநிலம், ஆதரவற்ற முதியோர்க்குத் திங்கள்தோறும் 20 ரூபாய் உதவித்தொகை தரத் தொடங்கிற்று. அந்நாளில் முதியோர் சிலரே, திட்டமும் சிறிதே. அந்தச் சிறு வித்து பின்னர் எவ்வளவு பெரிய மரமாக வேண்டியிருக்கும் என்பதை அன்று வகுப்பில் அமர்ந்திருந்த எங்களை எண்ணியிருந்தாலே கூறியிருக்கலாம்.

இனி, மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். வீட்டுக்கு இரண்டு குழந்தை போதும் என்று மக்கள் முடிவு செய்துவிட்டால், மக்கள் பெருக்கம் அன்றே நின்றுவிடுமா? நில்லாது. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குவேன். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஊரை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே 30 வயதுக்குட்பட்டோர் 400 பேர். 30 முதல் 60 வரை உள்ளோர் 200 பேர். அதற்கு மேற்பட்டோர் 100 பேர். மொத்தம் 700. கணக்கு எளிதாகும்பொருட்டு, எல்லோரும் 90 வயதுவரை வாழ்வர் என்றும், ஊரைவிட்டு எவரும் போவதில்லை, எவரும் வருவதில்லை என்றும் வைத்துக்கொள்வோம். இன்று முதல் ஒவ்வொரு தம்பதியும் இரண்டே குழந்தை பெறுகின்றனர். முப்பது ஆண்டு கழிகிறது. பழைய முதியோர் 100 பேரும் காலமாயினர். 200 பேர் முதியோர் ஆயினர். 400 பேர் நடுவயதினர் ஆயினர். அந்த 400 பேர் 200 தம்பதியர் அல்லரோ? அவர்களுக்குப் பிறந்தவர் 400. மொத்தம் 1,000. இன்னும் முப்பது ஆண்டு கழிந்தால் இளையோர் 400, நடுவயதினர் 400, முதியோர் 400, மொத்தம் 1,200. அதன்பின்னரே வளர்ச்சி நிற்கும்.

பார்த்தீர்களா? எவரும் இரண்டுக்கு மேல் பெறவில்லை. ஆயினும் 700 என்பது 1,200 ஆயிற்று. ஓடிவரும் தேருக்கு முட்டுக்கட்டை போட்டாலும், அது சிறிது தூரம் உருண்ட பிறகே நிற்கும். 1971இல் நாதன் கீஃபிட்ஸ் என்னும் அறிஞர் இதனை மக்கள் பெருக்கத்தின் உந்துவிசை என்று பெயரிட்டு விளக்கினார். அந்தக் கணக்கில் மற்றொன்றையும் நோக்குங்கள். குழந்தைகளின் தொகை மாறவே இல்லை. முதியோரோ 100 பேர் 400 பேர் ஆகிவிட்டனர். புதிதாகப் பெருகியவர் எல்லோரும் வளர்ந்தவர்களும் முதியவர்களுமே.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. தமிழ்நாட்டில் 1971இல் ஒரு பெண் சராசரியாக ஏறக்குறைய நான்கு குழந்தைகள் பெற்றாள். 1990களின் தொடக்கத்தில் அது இரண்டை ஒட்டி வந்துவிட்டது. ஓர் இணைக்குப் பதில் ஓர் இணை என்னும் நிலை அது. ஆயினும் 1991இல் 5.59 கோடியாக இருந்த நம் மாநில மக்கள், 2011இல் 7.21 கோடி ஆயினர். வெளியூரிலிருந்து வந்து குடியேறியோரும் இதிற் சேர்ந்தவர்களே. ஆயுள் நீண்டதும் ஒரு காரணமே. ஆயினும் பெரும்பகுதி, முன்னமே பிறந்துவிட்ட எங்கள் தலைமுறையும் அதனை அடுத்ததும் வளர்ந்து பெற்றோரானதன் விளைவு.

பிறப்பு எவ்வாறு குறைந்தது என்பதையும் கூற வேண்டும். 1976ஆம் ஆண்டில் வட மாநிலங்கள் சிலவற்றில் கட்டாயப்படுத்திச் செய்த அறுவைகள், மக்களிடையே அச்சத்தையும் வெறுப்பையுமே வளர்த்தன. தமிழ்நாட்டில் நிலையான மாறுதலைத் தந்தவை பிற. 1971இல் இங்குப் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன, 2020இல் 13. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்னும் நம்பிக்கை வந்தபின், ஒரு தாய் எதற்காக ஆறு பெறுவாள்? பெண்கள் பள்ளிக்கு வந்தனர், மணவயது உயர்ந்தது, மருத்துவமனை அருகில் வந்தது. மதிய உணவுக்காகப் பள்ளிக்கு வந்த சிறுமி, படித்து, தன் இரு குழந்தைகளைப் படிக்கவைக்கும் தாய் ஆனாள். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தையே. அதே ஆண்டில் பீகாரில் அது 3. ஒரே நாட்டில் இரு வேறு வயது அமைப்புகள்! நம் ஊர்ப் பின்னலாலைகளிலும் கட்டட வேலைகளிலும் வடநாட்டு இளைஞர்களைக் காண்கிறோம் அல்லவா? அவர்கள் வருகைக்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

முன்பு நம் மக்கள் தொகையை வயதுவாரியாகப் படம் வரைந்தால் கோபுரம் போல் அடி அகன்று நுனி கூர்த்து இருந்தது. இப்பொழுது அடி குறுகி வயிறு பருத்துக் குடம்போல் ஆகியிருக்கிறது. வடிவம் மாறினால் தேவையும் மாறும். குழந்தை மிக்க நாட்டுக்குத் தடுப்பூசியும் பாலும் பள்ளியும் வேண்டும். இளைஞர் மிக்க நாட்டுக்கு வேலையும் வீடும் வேண்டும். முதியோர் மிக்க நாட்டுக்கு மருந்தும் ஓய்வூதியமும் வேண்டும். உடனிருக்க ஓர் ஆளும் வேண்டும்.

வீட்டைப் பற்றி ஒரு செய்தி. 2001க்கும் 2011க்கும் இடையில் தமிழ்நாட்டு மக்கள் நூற்றுக்குச் சுமார் 16 வீதம் பெருகினர். அதே பத்தாண்டில் குடும்பங்களோ 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியாயின, இது நூற்றுக்கு 30 வீதம். கூட்டுக் குடும்பம் பிரிந்தது ஒரு காரணம். குழந்தை தனியாக வீடு கேட்பதில்லை. வளர்ந்தவன் கேட்கிறான் என்பது மற்றொரு காரணம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடுப்பு, ஒரு குழாய், ஒரு மின் இணைப்பு, சிறிது நிலம். தலை பதினாறு கூடியபோது வாசற்படி முப்பது கூடிற்று! ஏரிகளும் வயல்களும் மனைகளாக மாறுவதைக் கண்டு நாம் மக்கள் பெருகிவிட்டனர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம். வயது அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் முழுக் காரணம் விளங்கும்.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். 1990களின் நடுவில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் இடநெருக்கடி மிகுதி. மேல் வகுப்புகளில் பிள்ளைகள் நிரம்பி வழிந்தனர். இன்னும் இரண்டு வகுப்பறைகள் வேண்டும் என்று மனுவுக்கு மேல் மனுவாக எழுதினேன். ஒருநாள், எங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியர், தடுப்பூசி போட வந்தவர், என் மேசைமேல் இருந்த மனுவைப் பார்த்தார். “சார், என் பதிவேட்டில் வருஷத்துக்கு வருஷம் பிரசவம் குறைந்துகொண்டே வருகிறது. இந்தப் பிள்ளைகள் போனபின் அறையில் யாரை உட்கார வைப்பீர்கள்?” என்று கேட்டார். நான் நகைத்தேன். கண்முன்னே கூட்டம் நிற்கும்போது, ஒரு பதிவேட்டின் பேச்சு யார் காதில் ஏறும்? அறைகள் வந்தன; திறப்பு விழாவில் எனக்கு மாலையும் வந்தது.

பத்தாண்டு சென்றது. முதல் வகுப்பில் சேர வருவோர் ஆண்டுதோறும் குறைந்தனர். ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளுக்குச் சென்றவர்களும் உண்டு, அதனை மறைக்கவில்லை. ஆயின் ஊரில் உள்ள குழந்தைகள் அனைவரையும் திரட்டினாலும் அந்த அறைகள் நிரம்பியிரா. நான் ஓய்வு பெறும் நாளில் ஓர் அறையில் உடைந்த பலகைகள் அடுக்கியிருந்தன. மற்றொன்று பூட்டியிருந்தது. பூட்டிய அறையின் தாழ்வாரத்தில் நண்பகலில் ஊர் முதியோர் சிலர் வந்து படுத்திருப்பர். அவர்களிற் பலருடைய மக்கள் வெளியூரில் இருந்தனர். அவர்களுக்கு ஒரு மருத்துவரையோ, பகற்பொழுதைக் கழிக்க ஓர் இடத்தையோ கேட்டு நான் ஒரு மனுவும் எழுதியதில்லை. என் அன்னையார் இறுதி மூன்றாண்டு படுக்கையில் கிடந்தபோதுதான், ஐவர் பெற்ற துணையை இருவர் மட்டுமே பெற்ற நாங்கள் பெறப்போவதில்லை என்பது எனக்கு உறைத்தது. அச்செவிலியரின் பதிவேட்டில் இருந்தது ஜோசியம் அன்று. ஐந்து வயதில் பள்ளிக்கு வர வேண்டியவர், ஐந்தாண்டுக்கு முன்பே பிறந்திருக்க வேண்டும் என்ற எளிய உண்மை. அதனைக் கண்டு எண்ணிப் பார்க்காதது என் குற்றமே.

இந்தக் குற்றத்தை ஒரு மாநிலம் செய்யலாகாது. பிரான்சு நாட்டில் 65 வயதுக்கு மேற்பட்டோர் நூற்றுக்கு 7 என்பதிலிருந்து 14 ஆவதற்கு 115 ஆண்டுகள் சென்றன. ஸ்வீடனுக்கு 85 ஆண்டுகள். அவை செல்வம் சேர்த்தபின் முதுமை அடைந்த நாடுகள். தமிழ்நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 2011இல் நூற்றுக்குப் பத்துப்பேர். 2036இல் ஐவருள் ஒருவர் அவ்வயதினராவார் என்று மைய அரசின் வல்லுநர் குழு மதிப்பிட்டிருக்கிறது. அளவுகோல் சிறிது வேறாயினும் விரைவின் வேறுபாடு தெளிவு. அவர்கள் நூறாண்டிற் கண்டதை நாம் இருபத்தைந்து ஆண்டுகளிற் காணப்போகிறோம்.

இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. முதுமை ஒரு நாட்டுக்கு வந்த நோயன்று. குழந்தைகளைச் சாவிலிருந்து காத்ததற்குக் கிடைத்த பரிசு அது. 2036இல் அறுபதைக் கடந்திருக்கப் போகிறவர்கள் இன்று நம் கண்முன்னே நடமாடுகின்றனர். அவர்களை எண்ணலாம், அவர்களுக்கு வேண்டியதைத் திட்டமிடலாம். 1956இல் குழந்தைகளுக்காக ஊர் கூடிச் செய்ததை, இப்போது முதியோருக்காகச் செய்யலாம். பூட்டிய வகுப்பறைகளே அதற்குப் போதும், சாவிதான் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, 2021இல் நடைபெற வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027ஆம் ஆண்டைக் குறித்து அது நடைபெறும் என்று அரசு 2025இல் அறிவித்தது. கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து வயதைக் கேட்கும்போது, “பாட்டிக்கு எழுபது என்று போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடாதீர்கள். முன்னதாகவே ஒருநாள் பாட்டியின் அருகில் அமருங்கள். எந்தப் புயலின்போது எத்தனை வயது, எந்தத் தேர்தலின்போது திருமணம், மூத்த பிள்ளை பிறந்தது எந்த மழையில் என்று கேளுங்கள். கூட்டிக் கழித்து உண்மையான வயதைக் கண்டுபிடியுங்கள். எழுபது அன்று, எழுபத்து மூன்று என்று வரலாம். அதை எழுதச் சொல்லுங்கள். ஜூன் முதல் தேதியில் பிறந்ததாக வாழ்ந்துவிட்ட இந்த முதியவனின் வேண்டுகோள் அது.